இழுத்தால் இறுகும் பிடி: பாக்டீரியா நம் உடலில் ஒட்டிக்கொள்வது எப்படி?

சிறுநீர்ப்பை ஒரு நாளைக்குப் பல முறை நிறைகிறது, காலியாகிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதையெல்லாம் சிறுநீர் அடித்துக்கொண்டு வெளியேறுகிறது. ஈ.கோலை பாக்டீரியாவின் நீளமோ சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் ஐந்நூறு பேரை வரிசையாகப் படுக்க வைக்கலாம். இத்தனை சின்ன உயிர் அந்த வெள்ளத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? தாக்குப்பிடிக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. சாதாரணச் சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்த ஒரே பாக்டீரியாவால்தான் வருகிறது.

பசை போல ஏதோ ஒன்றைச் சுரந்து ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கத் தோன்றும். வழவழப்பான படலத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் உண்டுதான். ஆனால் அது பிறகு நடக்கும் கதை. முதல் பிடியைப் போடுவது பாக்டீரியாவின் மேற்பரப்பில் இருக்கும் அட்ஹீசின் என்ற வகைப் புரதங்கள். பசை எதன் மேலும் ஒட்டும். அட்ஹீசின் அப்படியல்ல, தனக்குத் தெரிந்த ஒரு மூலக்கூறைத் தேடிப் பிடித்து அதில் மட்டும் ஒட்டும். அந்தப் புரதத்திலும் ஒரு குறிப்பிட்ட பகுதிதான் ஒட்டும் வேலையைச் செய்கிறது. அந்தப் பகுதியைத்தான் டொமைன் என்கிறார்கள்.

டொமைன் என்றால் என்ன?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலி. செல்லுக்குள் உருவான கையோடு அது மடிந்து ஒரு வடிவத்துக்கு வருகிறது. சங்கிலி நீளமாக இருந்தால் முழுவதும் ஒரே உருண்டையாக மடியாது. ஒரு பகுதி தனியாக மடிந்து ஒரு வடிவம் எடுக்கும், அடுத்த பகுதி தனியாக வேறு வடிவம் எடுக்கும். நடுவில் ஒரு சின்ன இணைப்பு. இப்படித் தன்னளவில் மடிந்து தன்னளவில் நிலைத்து நிற்கக்கூடிய பகுதிதான் டொமைன். 1973-இல் டொனால்ட் வெட்லாஃபர் என்ற வேதியியலாளர் இந்தக் கருத்தை முன்வைத்தார். பெரும்பாலான டொமைன்களில் 50 முதல் 200 அமினோ அமிலங்கள் வரை இருக்கும்.

ஒரு டொமைனை மட்டும் வெட்டி எடுத்து ஆய்வகத்தில் தயாரித்தாலும் பெரும்பாலும் அது சரியாக மடிந்து தன் வேலையைச் செய்யும். பரிணாமமும் இதையே செய்திருக்கிறது. ஒரே மாதிரி டொமைன் வெவ்வேறு புரதங்களில், வெவ்வேறு வேலைகளுக்கு, மறுபடி மறுபடி வருகிறது. பாக்டீரியாக்களின் ஒட்டும் புரதங்களில் ஒரு குறிப்பிட்ட மடிப்பு அலுக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

புரதச் சங்கிலியின் ஒரு துண்டு நேராக நீண்டு கிடந்தால் அதற்கு பீட்டா இழை என்று பெயர். இந்த இழைகள் அருகருகே படுத்து, பக்கவாட்டில் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற பலவீனமான இணைப்புகளால் சேர்ந்தால் பீட்டா தகடு கிடைக்கும். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. தகட்டின் நடுவில் இருக்கும் இழைக்கு இரண்டு பக்கமும் துணை உண்டு. ஓரத்தில் இருக்கும் இழைக்கு ஒரு பக்கம்தான். மறுபக்கம் ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தயாராக, காலியாகக் கிடக்கும். வேறு எங்கிருந்தாவது ஒரு இழை வந்து அங்கே படுத்தால் தகடு அதைச் சேர்த்துக்கொள்ளும். வந்த இழை அதே புரதத்தைச் சேர்ந்ததா, பக்கத்துப் புரதத்தைச் சேர்ந்ததா, நம் உடலின் புரதமா என்றெல்லாம் தகடு பார்ப்பதில்லை.

இப்படிப்பட்ட இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்த மடிப்புக்கு இம்யூனோகுளோபுலின் மடிப்பு என்று பெயர். நம் எதிர்ப்பொருள்களில் முதலில் கண்டதால் வந்த பெயர். நம்மைத் தாக்கும் பாக்டீரியாக்களின் ஒட்டும் புரதங்களிலும் ஏறக்குறைய அதே மடிப்பு இருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் பாக்டீரியாக்கள் அந்த மடிப்பில் வேண்டுமென்றே ஒரு இடத்தைக் காலியாக விட்டிருப்பது போலத் தெரியும். அந்தக் காலி இடத்தில் யார் வந்து படுக்கிறார்கள் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் பாதிக் கதை இருக்கிறது.

ஈ.கோலையின் நுனிப் புரதம்

பாடப்புத்தகப் படங்களில் பாக்டீரியாவைச் சுற்றி முடி மாதிரி கோடுகள் வரைந்திருப்பார்கள். பைலி என்று பெயர் எழுதி, ‘ஒட்டிக்கொள்ள உதவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எழுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. 1955-இல் ஸ்காட்லாந்தில் டுகுய்டும் அவரோடு இருந்தவர்களும், இந்த இழைகள் கொண்ட ஈ.கோலை சிவப்பணுக்களைத் திரள வைப்பதை விவரித்தார்கள். மேனோஸ் என்ற எளிய சர்க்கரையைச் சேர்த்தால் அந்தத் திரட்சி நின்றுபோவது அதே காலத்தில் தெரிய வந்தது. 1977-இல் இஸ்ரேலின் ஓஃபெக், மிரெல்மன், ஷரோன் ஆகிய மூவரும் மனித செல்களில் ஈ.கோலை ஒட்டுவதும் மேனோஸ் வழியாகத்தான் என்று காட்டினார்கள். நம் செல்களின் மேற்பரப்புப் புரதங்கள் பலவற்றின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். சிலவற்றின் நுனியில் மேனோஸ் இருக்கும். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் பதிந்திருக்கும் யூரோபிளாக்கின் ஒன்று-ஏ என்ற புரதம் அப்படிப்பட்டது.

அந்த மேனோஸைப் பிடிக்கும் புரதத்தின் பெயர் ஃபிம்ஹெச். ஒன்றாம் வகைப் பைலஸ் எனப்படும் இழையின் நுனியில் ஒன்றே ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இழை ஒன்று அல்லது இரண்டு மைக்ரோமீட்டர் நீளம், தடிமன் சுமார் 7 நானோமீட்டர். அதன் உடல் முழுக்க ஃபிம்ஏ என்ற ஒரே புரதத்தின் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரத்தைத் தாண்டிய பிரதிகள். அத்தனையும் நுனியில் இருக்கும் ஒரு புரதத்தை முன்னே நீட்டிப் பிடிப்பதற்காக.

ஃபிம்ஹெச்சில் 279 அமினோ அமிலங்கள், இரண்டு டொமைன்கள். முதல் பாதி லெக்டின் டொமைன். சர்க்கரையைப் பிடிக்கும் புரதங்களை லெக்டின் என்பது வழக்கம். இதன் நுனியில் ஒரு மேனோஸ் மட்டும் நுழையும் அளவுக்கு ஆழமான ஒரு சிறு குழி உண்டு. இரண்டாம் பாதி பிலின் டொமைன். லெக்டின் டொமைனை மீதி இழையோடு இணைப்பது இதன் வேலை.

பிலின் டொமைனைப் பாருங்கள். இம்யூனோகுளோபுலின் மடிப்புதான், ஆனால் கடைசி பீட்டா இழை இல்லை. ஓர் இழை குறைந்தால் புரதத்தின் உட்புறம் வெளியே தெரியும். தண்ணீரை விரும்பாத அந்த உட்புறம் வெளியே தெரிந்தால் புரதம் நிலைக்காது, கெட்டுப்போகும். 1999-இல் இதன் படிக அமைப்பு, அதாவது புரதத்தைப் படிகமாக்கிக் கண்டறிந்த முப்பரிமாண வடிவம், வெளிவந்தபோதுதான் விடை புரிந்தது. ஃபிம்சி என்ற துணைப் புரதம் தன்னுடைய ஓர் இழையைக் கடன் கொடுத்து அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடுகிறது. பிறகு வெளிச்சவ்வில் இருக்கும் ஃபிம்டி என்ற வாசலில், அடுத்து வரும் ஃபிம்ஜி புரதம் தன் முன்நுனியில் இருக்கும் உபரித் துண்டை அங்கே செருகுகிறது. ஃபிம்சி விலகிக்கொள்கிறது. ஃபிம்ஜிக்கும் ஓர் இழை குறைவு. அதை ஃபிம்எஃப் நிரப்புகிறது. ஃபிம்எஃப்புக்கு ஃபிம்ஏ, அந்த ஃபிம்ஏவுக்கு அடுத்த ஃபிம்ஏ. இப்படியே இழை முழுவதும் ஒருவர் குறையை அடுத்தவர் நிரப்பிக்கொண்டே போகிறார்கள்.

இந்த இணைப்பு எவ்வளவு உறுதி? சூரிச்சில் ருடி க்ளாக்ஸ்ஹூபரின் குழு 2008-இல் அளந்தது. ஃபிம்ஜியும் ஃபிம்எஃப் கொடுத்த இழையும் பிரிய ஆகும் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி ஜோடிகள் பிரிய ஆகும் காலம், கணக்குப்படி 300 கோடி ஆண்டுகள். அவற்றுக்கிடையே சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான வேதிப் பிணைப்பு) ஒன்றுகூட இல்லை. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த எண் இதுதான்.

இழுத்தால் என்ன ஆகும்?

இழை அறுந்துபோகாது என்பது சரி. நுனியில் இருக்கும் லெக்டின் டொமைன் மேனோஸை விட்டுவிட்டால்? அப்போது இழை எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்? சிறுநீர் வேகமாகப் பாயும்போது அந்தப் பிடி தளர வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். எந்தப் பிணைப்பையும் இழுத்தால் சீக்கிரம் விடும் என்பதுதானே இயல்பு.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வெண்டி தாமஸ், எவ்கெனி சொகுரென்கோ, வயோலா வோகல் ஆகியோர் 2002-இல் நேர்மாறான ஒன்றைப் பதிவுசெய்தார்கள். ஈ.கோலையையும் சிவப்பணுக்களையும் கலந்து தட்டை ஆட்டிக்கொண்டிருந்தால் அணுக்கள் திரள்கின்றன. ஆட்டுவதை நிறுத்தினால் கலைந்துவிடுகின்றன. மேனோஸ் பூசிய பரப்பின் மேல் திரவத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டக் கூட்ட பாக்டீரியாக்கள் இன்னும் அதிகமாகவும் உறுதியாகவும் ஒட்டின. குறைத்தால் நழுவின. இழுக்க இழுக்க ஆயுள் கூடும் இந்த வகைப் பிணைப்புக்கு கேட்ச் பிணைப்பு என்று பெயர். அப்படி ஒன்று சாத்தியம் என்று 1988-இலேயே மைக்கா டெம்போ கோட்பாட்டளவில் சொல்லியிருந்தார்.

இதன் சூட்சுமம் இரண்டு டொமைன்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது. இழுவிசை இல்லாதபோது பிலின் டொமைன் லெக்டின் டொமைனின் அடிப்பக்கத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தத்தால் லெக்டின் டொமைன் லேசாக முறுக்கிக்கொள்கிறது. மறுநுனியில் இருக்கும் குழி அகலமாகி, மேனோஸ் வரும், போகும். இழை இழுபட்டால் இரண்டு டொமைன்களும் பிரிகின்றன. லெக்டின் டொமைன் முறுக்கவிழ்ந்து நீள்கிறது, குழி மேனோஸைச் சுற்றி இறுகுகிறது. சுருக்குக் கயிற்றை மாடு இழுக்க இழுக்க முடிச்சு இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதை. 2016-இல் வந்த அளவீட்டின்படி, பிலின் டொமைன் தொட்டுக்கொண்டிருக்கும்போது மேனோஸ் கழன்றுபோகும் வேகம் 1,00,000 மடங்கு வரை கூடுகிறது. ஆக, இரண்டாவது டொமைனுக்கு லெக்டினை ஏந்தி நிற்பதோடு வேலை முடியவில்லை. எப்போது விட வேண்டும், எப்போது விடக் கூடாது என்பதை முடிவு செய்வதும் அதுதான்.

பாக்டீரியாவுக்கு இதனால் என்ன லாபம்? எப்போதுமே இறுக்கமாகப் பிடித்திருந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். ஓட்டம் இல்லாத நேரத்தில் பிடியைத் தளர்த்தி நகர்ந்து வேறு இடம் தேடலாம், வெள்ளம் வந்தால் இறுக்கிக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு. நம் சிறுநீரகம் யூரோமாடுலின் என்ற புரதத்தைச் சிறுநீரில் ஏராளமாகக் கலந்துவிடுகிறது. அதன் மேலும் மேனோஸ் உண்டு. சுவரைப் பிடிப்பதற்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியா வெளியேறட்டும் என்பது உடலின் ஏற்பாடு. ஆனால் திரவத்தில் மிதக்கும் மூலக்கூறு பாக்டீரியாவைப் பிடித்து இழுப்பதில்லை. இழுக்காததால் பிடி இறுகுவதும் இல்லை. சுவரில் பதிந்த மேனோஸோடு ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் ஃபிம்ஹெச்சை மிதக்கும் மேனோஸால் எளிதில் பெயர்க்க முடியாது என்பது 2006-இல் வந்த ஆய்வின் முடிவு.

சிறுநீர்ப் பாதையில் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை வகைகளின் ஃபிம்ஹெச்சை ஒப்பிட்டால் இன்னொன்று தெரியும். மேனோஸ் குழியில் இருக்கும் அமினோ அமிலங்கள் கிட்டத்தட்ட எல்லா வகைகளிலும் ஒன்றே. அங்கே கைவைத்தால் பிடியே போய்விடும். மாற்றங்கள் வந்திருப்பது குழிக்குத் தொலைவில், இரண்டு டொமைன்களின் உறவைப் பாதிக்கும் இடங்களில். எவ்வளவு எளிதில் இறுக வேண்டும் என்பதைத்தான் இயற்கைத் தேர்வு திருகிக்கொண்டிருக்கிறது.

தோலில் வாழும் இன்னொருவர்

இப்போது வேறு வகை பாக்டீரியா. ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் எல்லோருடைய தோலிலும் இருக்கிறது, சாதாரணமாக எந்தத் தொந்தரவும் தராது. ஆனால் ரத்தக்குழாயில் செருகிய வடிகுழாயிலும் செயற்கை மூட்டிலும் ஏறிவிட்டால் பெரிய தலைவலி. பிளாஸ்டிக்கோ உலோகமோ உடலுக்குள் போன சற்று நேரத்திலேயே அதன் மேல் ரத்தப் புரதங்கள் படிந்துவிடும். அவற்றில் ஒன்று ரத்தம் உறைவதற்கு உதவும் ஃபைப்ரினோஜன். இந்த பாக்டீரியாவின் எஸ்டிஆர்ஜி என்ற அட்ஹீசின் பிடிப்பது அதைத்தான்.

இங்கே சர்க்கரைக்கு வேலை இல்லை. ஃபைப்ரினோஜனின் பீட்டா சங்கிலி நுனியில் இருக்கும் ஒரு சிறு துண்டு, எஸ்டிஆர்ஜியின் என்2, என்3 என்ற இரண்டு டொமைன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் வந்து படுக்கிறது. இரண்டுமே இம்யூனோகுளோபுலின் வகை மடிப்புகள்தான். துண்டு படுத்ததும் என்3-இன் பின்நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும் வால்பகுதி அதன் மேல் வளைந்து வந்து, என்2-இல் காலியாக இருக்கும் இழை இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. துண்டு உள்ளே அடைபட்டுவிட்டது. முதலில் சேர்தல், பிறகு பூட்டுதல், கடைசியில் தாழிடுதல் என்று மூன்று கட்டங்கள். ஆங்கிலத்தில் டாக், லாக், லாட்ச் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபிம்ஹெச்சில் காலி இடத்தை நிரப்பியது பக்கத்துப் புரதம். இங்கே அதே புரதத்தின் வால்.

2003-இல் இந்த அமைப்பை வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்தே பொன்னுராஜ். அமெரிக்காவில் நாராயணா, ஹூக் ஆகியோரோடு செய்த வேலை அது. அவர் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல், உயிரியற்பியல் துறையில் பேராசிரியரானார். கிண்டி வளாகத்தில் இருக்கும் இந்தத் துறையின் வேர் ஜி.என். ராமச்சந்திரன். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் சென்னையில் இருந்துதான் கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட திருகு என்று முன்வைத்தார்கள். அந்தத் திருகையே பிடிக்கும் அட்ஹீசினும் ஸ்டெஃபிலோகாக்கஸ் குடும்பத்தில் உண்டு. ஆரியஸ் வகையின் சிஎன்ஏ என்ற புரதம் தன் என்1, என்2 டொமைன்களால் கொலாஜன் திருகைச் சுற்றி அணைத்து, பிறகு வாலால் தாழிட்டுக்கொள்கிறது. 2005-இல் வந்த அந்த ஆய்வு இதற்கு ‘கொலாஜன் அணைப்பு’ என்றே பெயர் வைத்தது. மூட்டுகளில் கொலாஜன் நிறைய இருப்பதால், சிஎன்ஏ உள்ள வகைகள் எலிகளில் மூட்டுத் தொற்றை எளிதாக உண்டாக்குகின்றன.

எஸ்டிஆர்ஜியின் பிடி எவ்வளவு வலு? 2018-இல் ம்யூனிக்கிலும் இல்லினாயிலும் இருந்த குழுக்கள் ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து இழுத்து அளந்தன. 2 நானோநியூட்டனுக்கு மேல் விசை தேவைப்பட்டது. உயிரியலில் உறுதிக்கு உதாரணமாக எல்லோரும் சொல்லும் பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் ஜோடி அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும். ஒரு சகப்பிணைப்பை அறுக்கத் தேவையான விசையை நெருங்கும் வலு இது. வெறும் ஹைட்ரஜன் பிணைப்புகள் எப்படி இவ்வளவு தாங்கும்? துண்டு படுத்திருக்கும் கோணத்தில் இருக்கிறது விடை. அதை உருவ வேண்டுமானால் அத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒரே நேரத்தில் அறுபட வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போக வழி இல்லை. அந்தப் பிணைப்புகளும் புரதச் சங்கிலியின் முதுகெலும்போடுதான், பக்கக் கிளைகளோடு இல்லை. அதனால் துண்டின் அமினோ அமிலங்கள் கொஞ்சம் மாறினாலும் வலு பெரிதாகக் குறைவதில்லை.

அதே ஆரியஸ் வகைக்கு இன்னொரு உத்தியும் தெரியும். ஃபைப்ரோனெக்டின் என்ற நம் புரதத்தைப் பிடிக்கும் அட்ஹீசினில் ஒரு நீண்ட பகுதி மடியாமல் தொளதொளவென்று கிடக்கும். டொமைன் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும் அதை. ஆனால் ஃபைப்ரோனெக்டின் அருகில் வந்ததும், அந்தத் தொளதொளப்பான சங்கிலி நம் புரதத்தின் தகடுகளின் ஓரத்தில் அடுத்தடுத்து இழை இழையாகப் படுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் இதை பீட்டா ஜிப்பர் என்கிறார்கள். இங்கே காலி ஓரம் நம்முடையது, இழை பாக்டீரியாவுடையது. பிடித்த கையோடு நம் செல் பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஃபைப்ரோனெக்டினைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும் வாங்கிகள் நம் செல்களில் ஏற்கெனவே இருக்கின்றன.

தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் வேறு வழியில் போனது. 2007-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எட்வர்ட் பேக்கரின் குழு அதன் பைலஸ் புரதத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு டொமைனுக்குள்ளும் லைசினும் ஆஸ்பராஜினும் தாமாகவே சகப்பிணைப்பு போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டது. இதற்கு ஐசோபெப்டைடு பிணைப்பு என்று பெயர். வேறு எந்த நொதியின் உதவியும் இல்லை, மடிந்து முடித்ததுமே பிணைந்துவிடுகிறது. இழுத்தாலும் டொமைன் அவிழாது. ஆக்ஸ்ஃபோர்டில் மார்க் ஹோவர்த்தின் குழு இதே பாக்டீரியாவின் இன்னொரு ஒட்டும் புரதத்தில் இருந்து இப்படிப்பட்ட ஒரு டொமைனை எடுத்து, அதன் ஓர் இழையைத் தனியே வெட்டியது. அந்தச் சின்னத் துண்டில் 13 அமினோ அமிலங்கள். மீதியோடு கலந்தால் தேடிப்போய் அதே இடத்தில் படுத்து, நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. 2012-இல் வெளிவந்த இந்த ஜோடியை ஸ்பைடேக், ஸ்பைகேட்சர் என்ற பெயரில் இன்று உலகெங்கும் ஆய்வகங்கள் இரண்டு புரதங்களை இணைக்கப் பயன்படுத்துகின்றன. தொண்டைப் புண் கிருமியிடம் கடன் வாங்கிய கருவி.

எல்லா அட்ஹீசின்களும் இந்த இழை விளையாட்டை ஆடுவதில்லை. உணவு வழியே பரவும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் அட்ஹீசினான இன்டர்னலின்-ஏ வேறொரு மடிப்பு. லூசின் நிறைந்த சிறு அலகுகள் அடுக்கடுக்காக அமைந்து, பிறைபோல் வளைந்து, குடல் செல்களின் இ-கெடெரின் புரதத்தைத் தழுவிக்கொள்ளும். மனித இ-கெடெரினில் 16-ஆவது அமினோ அமிலம் புரோலின். சுண்டெலியில் அதே இடத்தில் குளுட்டாமிக் அமிலம். அந்த ஒரு மாற்றத்தால் சுண்டெலியின் புரதத்தை இன்டர்னலின் பிடிப்பதில்லை. உணவு வழியாக லிஸ்டீரியா எப்படிப் பரவுகிறது என்பதைச் சாதாரணச் சுண்டெலிகளை வைத்து ஆராய்ந்தால் ஏன் சரிவராது என்பது இதனால் தெளிவானது.

மருந்தாகுமா?

ஒட்டவிடாமல் தடுத்தால் பாக்டீரியாவைக் கொல்லாமலேயே வெளியேற்றலாம். கொல்லாததால் மருந்தை எதிர்த்துத் தப்பும் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் நெருக்கடியும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. நல்ல யோசனைதான். மேனோஸ் பொடி கடைகளில் துணை உணவாகவே விற்கிறது. ஆனால் பிரிட்டனில் அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் 598 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. ஆறு மாதம் தினமும் 2 கிராம் மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்றுக்காக மருத்துவரிடம் போனார்கள். போலி மருந்து எடுத்தவர்களில் 55.7 சதவீதம். புள்ளிவிவரப்படி இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மேனோஸ் தனியாக இருந்தால் ஃபிம்ஹெச்சில் பலவீனமாகத்தான் ஒட்டும் என்பதையும் இழுபடும் பிடியை மிதக்கும் சர்க்கரை பெயர்க்காது என்பதையும் படித்த பிறகு இந்த முடிவு அவ்வளவு ஆச்சரியம் தரவில்லை. காரணம் அதுதான் என்று இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடுவதற்கு முன்னால் இந்த எண்களைப் பார்ப்பது நல்லது.

வேதியியலாளர்கள் மேனோஸோடு வேறு வளையங்களை இணைத்து, குழியின் வாயிலையும் சேர்த்துப் பிடிக்கும் மேனோசைடுகளைச் செய்திருக்கிறார்கள். அவை பல மடங்கு வலுவாக ஒட்டுகின்றன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்கு வாய்வழியே கொடுத்த ஒரு மேனோசைடு குடலில் தங்கியிருந்த ஈ.கோலையின் எண்ணிக்கையைக் குறைத்தது. சிறுநீர்ப் பாதைக்கு வரும் ஈ.கோலை பெரும்பாலும் குடலில் இருந்துதான் புறப்படுகிறது என்பதால் இது முக்கியம்.

தடுப்பூசி முயற்சியில்தான் இரண்டு டொமைன் விவகாரம் மறுபடி குறுக்கே வந்தது. லெக்டின் டொமைனை மட்டும் தயாரித்து உடலுக்குக் காட்டினால் எதிர்ப்பொருள் உருவாகும், அது குழியை அடைத்துவிடும் என்பது கணக்கு. ஆனால் பிலின் டொமைன் இல்லாத லெக்டின் டொமைன் எப்போதும் இறுகிய வடிவத்திலேயே இருக்கும். அதைப் பார்த்து உருவாகும் எதிர்ப்பொருள்களும் அந்த வடிவத்தையே தேடிப் பிடிக்கும், பிடித்து அதை அந்த வடிவத்திலேயே நிறுத்தியும் வைக்கும். அப்படி உருவான சில எதிர்ப்பொருள்கள் ஈ.கோலை ஒட்டுவதைத் தடுப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டன என்று சொகுரென்கோவின் குழு 2011-இல் காட்டியது. அப்புறம் தேடல் திசை மாறியது. ஃபிம்ஹெச்சைத் தளர்ந்த வடிவத்திலேயே பூட்டிவைக்கும் அமினோ அமில மாற்றங்களையும், அந்தத் தளர்ந்த வடிவத்தைப் பிடித்து மேனோஸை வெளியே தள்ளும் எதிர்ப்பொருள்களையும் தேட ஆரம்பித்தார்கள்.